செருகினால் போதுமா?

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்கள் வைத்திருக்கும் கெக், குளிர்பானக் கம்பெனிகள் கழித்துவிட்ட சரக்காகத்தான் முதலில் வந்தது. சிரப் ஏற்றிச் சென்ற 5 கேலன் எஃகுக் கலன்கள் அவை. குழாய் மாட்டும் வாயின் வகையில் பெப்சியுடையது பால் லாக், கோகோ கோலாவுடையது பின் லாக். பின் லாக்கில் வாயு போகும் வாய்க்கு 2 முளை, பானம் வரும் வாய்க்கு 3. மாற்றி மாட்ட நினைத்தாலும் முடியாது. அவ்வளவு யோசித்துச் செய்த கலனுக்கு, சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கொண்டுவரும் வாயுக்குழாயை மட்டும் ஏனோதானோவென்று மாட்டுகிறார்கள். புஷ்-ஃபிட் இணைப்பிகள் தந்த தைரியம் இது.

பழைய முறையில், வரிவரியான முனைமேல் வினைல் குழாயை வெந்நீரில் இளக்கி ஏற்றி, கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். விரல் நோகும், கழற்றுவதென்றால் பெரும்பாலும் குழாயை அறுக்க வேண்டியதுதான். புஷ்-ஃபிட்டில் 8 மில்லிமீட்டர் குழாயை அழுத்திச் செருகினால் உள்ளிருக்கும் பற்கள் கவ்வும், ஓ-ரிங் அடைக்கும். வளையத்தை அழுத்தினால் கழன்று வரும். அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டிய பீர் குழாய்க்கு இதைவிட வசதியானது இல்லை. ஒழுகினாலும் கண்ணில் படும்.

வாயுப் பக்கம் அப்படியல்ல. ஓ-ரிங் உட்காருவது குழாயின் வெளிப்புறத்தில். குழாயைச் சாய்வாக வெட்டியிருந்தாலோ, மேலே கீறல் விழுந்திருந்தாலோ, ஃப்ரிட்ஜுக்குள் இடித்துப் பக்கவாட்டில் இழுபட்டாலோ வாயு கசியும்; சுவடே தெரியாது. மாட்டுவது சுலபம் என்பதால் இங்கொரு கிளை, அங்கொரு வால்வு என்று ஜாயிண்டுகளும் பெருகுகின்றன.

கணக்குப் பாருங்கள். 19 லிட்டர் பீரில் இரண்டரை மடங்கு கனஅளவு வாயுவைக் கரைக்க 90 கிராம் சொச்சம் போதும்; பீரை வெளியே தள்ள அதைவிடக் குறைவு. 5 பவுண்டு சிலிண்டரில் 2.27 கிலோ இருக்கிறது. பத்துக் கெக்குக்கு மேல் வர வேண்டும். மூன்றிலேயே தீர்ந்தால் மிச்சத்தைக் குடித்தது ஏதோ ஒரு ஜாயிண்ட். சிலிண்டர் பக்கத்து மீட்டரும் எச்சரிக்காது: உள்ளே திரவம் இருக்கும்வரை அறை வெப்பத்தில் 800 பி.எஸ்.ஐ.யை ஒட்டியே நின்று, பிறகு சரசரவென்று இறங்கும். காசு போவதோடு முடியவில்லை. நீள அகல உயரம் பத்துப் பத்தடி கொண்ட மூடிய அறையில் அந்தச் சிலிண்டர் முழுதும் காலியானால் கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதத்தைத் தொடும். உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் குறித்திருக்கும் அளவும் அதுவே.

சோதிக்கும் முறையிலும் கோளாறு உண்டு. சோப்புத் தண்ணீர் பெரிய கசிவைத்தான் காட்டும். வால்வை மூடிவிட்டு மீட்டர் இறங்குகிறதா என்று பார்ப்பது நல்ல வழி. ஆனால் வாயு இன்னும் ஏறாத பீர் கெக்கில் இருந்தால் அது வாயுவை உறிஞ்சும், கசிவே இல்லாமல் மீட்டர் இறங்கும். இது தெரியாமல் நல்ல ஜாயிண்டைப் பிரித்துப் போடுபவர்கள் உண்டு. காலிக் கெக்கில் 30 பி.எஸ்.ஐ. ஏற்றி ஓரிரவு விட்டால் சந்தேகம் தீரும். கசிவை நிறுத்த ஃபிளேர் இணைப்பின் மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றுவதும் வீண்வேலை. அங்கே அடைப்பது கூம்பு முகம், மரை அல்ல.

இரவில் சிலிண்டரை மூடிவிடுவது சிலரின் தீர்வு. சிலிண்டர் தப்பும். கெக்கின் அழுத்தம் இறங்கிப் பீர் சப்பென்றாகும், மூடியின் ரப்பரும் தளரும். கசிவு இருந்த இடத்திலேயே இருக்கும்.

ரெகுலேட்டரிலிருந்து கெக்வரை, ஒருமுறை மாட்டியபின் தொடப்போகாத ஜாயிண்டுகளுக்குக் கிளாம்ப்தான் சரி. புஷ்-ஃபிட்டைப் பீர் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.