மெல்லிய ஷிம்

மணல்மேட்டில் ஓடும் ஏடிவி வண்டி காலையில் கிளம்ப மறுத்தால், விவரம் தெரிந்த மெக்கானிக் கேமுக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள டேப்பட் இடைவெளியைத்தான் முதலில் சந்தேகிப்பார். ஃபீலர் கேஜ் நுழையவில்லையா? இடைவெளியைச் சரிசெய்ய வைத்திருக்கிற ஷிம் என்ற சிறு தகட்டை எடுத்துவிட்டு அதைவிட மெல்லியதாக ஒன்றை வைத்து மூடிவிடுவார். வண்டியும் கிளம்பிவிடும். இன்ஜினை முழுசாகப் பிரித்துக் கட்டும்போதுகூட, பிஸ்டனுக்கும் சிலிண்டர் போருக்கும் காட்டுகிற அக்கறையை வால்வுகள் இருக்கும் ஹெட்டுக்குக் காட்டாமல், இந்த ஷிம் மாற்றத்தோடு வேலையை முடித்துக்கொள்பவர்கள் உண்டு.

அதைக் குறுக்குவழி என்று தள்ளிவிடவும் முடியாது. ஷிம் மாற்றுவது தயாரிப்பாளரே கையேட்டில் எழுதிக்கொடுத்த பராமரிப்பு. 2003இல் வந்த சுசூகி எல்டி-இசட்400 வண்டியில் இன்டேக் பக்கம் 0.10 முதல் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 0.20 முதல் 0.30 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஓட ஓட அது மாறும் என்று தெரிந்துதான் 0.05 மி.மீ. படிகளில் ஷிம் விற்கிறார்கள். ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை, செலவும் சொற்பம். அளவுக்குள் இருக்கிற நல்ல பாகத்தைத் தூக்கி எறிவதைவிட இது எவ்வளவோ மேல்.

சிக்கல் அந்த அளவு எதைச் சொல்கிறது என்பதில் இருக்கிறது. தேய்ந்தால் இடைவெளி கூடத்தானே வேண்டும்? கேமும் அது அழுத்தும் பக்கெட்டும் தேய்ந்தால் கூடும். வால்வின் முகமும் அது அமரும் சீட்டும் தேய்ந்தால் குறையும். வால்வு ஹெட்டுக்குள் அமிழ, அதன் தண்டு கேமை நோக்கி ஏறிவிடுகிறது. ஆக, ஃபீலர் கேஜ் காட்டுவது இரண்டு தேய்மானங்களுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும். கேமும் போய், சீட்டும் போன இன்ஜினில் இடைவெளி மிகச் சரியாக இருக்கக்கூடும். அந்த ஒற்றை எண்ணை நம்பி ஹெட்டை அப்படியே மாட்டுகிறவர், வரவும் செலவும் தெரியாமல் கையிருப்பை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுக் கடையைச் சாத்துகிறவர்.

இன்னொன்று, எல்லா வால்வும் ஒன்றல்ல. எல்டி-இசட்400இன் வால்வுகள் எஃகு. கொஞ்சம் தேய்ந்தாலும் உள்ளே இருப்பதும் அதே உலோகம்தான். 2004இல் வந்த யமஹா ஒய்எஃப்இசட்450இல் மூன்று இன்டேக், இரண்டு எக்ஸாஸ்ட், ஐந்துமே டைட்டானியம். எஃகைவிட ஏறக்குறைய நாற்பது சதவீதம் எடை குறைவு என்பதால் அதிவேகச் சுழற்சியிலும் ஸ்பிரிங்கின் பிடிக்கு அடங்கி நடக்கும். ஆனால் மேலே பூசிய கெட்டியான படலம்தான் அதன் உயிர். அந்தப் படலத்தின் கனம் சில மைக்ரான்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. சீட் 45 டிகிரியில் சாய்ந்திருக்கிறது. இடைவெளி 0.10 மி.மீ. குறைய வேண்டுமானால் முகமும் சீட்டும் சேர்ந்து சுமார் 0.07 மி.மீ., அதாவது 70 மைக்ரான் தேய்ந்திருக்க வேண்டும். அதில் பெரும்பங்கு சீட்டினுடையது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், சில மைக்ரான் படலம் பிழைத்திருக்க வழி குறைவு. எஃகு வால்வில் 0.10 குறைந்தால் ‘ஷிம் மாற்று’ என்று பொருள். டைட்டானியத்தில் அதே எண்ணுக்கு ‘வால்வைக் கழற்று’ என்று பொருள். முதல் சில மணி நேரப் படிமானத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தை விட்டுவிடலாம். இரண்டாவது முறையும் ஷிம் கேட்டால், படலம் போன மெத்தென்ற உலோகம் குழிந்துகொண்டே போகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வால்வின் தலை முறிந்து விழுந்தால் பிஸ்டன், சிலிண்டர், ஹெட் மூன்றும் காலி.

வால்வையும் சீட்டையும் உரசிப் பொருத்தும் லேப்பிங் செய்துவிடலாமே என்பார்கள். பேஸ்ட் தடவி, ரப்பர் கப் வைத்த குச்சியை மத்துக் கடைவதுபோல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டும் அந்த வேலையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கும். எஃகு வால்வில் சுற்றிலும் ஒரே சீரான சாம்பல் வளையம் விழுகிறதா என்று சோதிக்க அது அருமையான வழி. டைட்டானியத்தில் அதே பேஸ்ட் படலத்தைத்தான் முதலில் தின்னும்.

அதனால் பலர் எஃகு வால்வுக்கு மாறுகிறார்கள். பந்தயத்துக்குப் போகாத வண்டிக்கு இது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் பழைய ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு மாறக் கூடாது. கூடுதல் எடைக்கு வலுவான ஸ்பிரிங் வேண்டும், அந்த வலு கேமின் மீது கூடுதல் சுமையாக இறங்கும்.

எந்த வால்வானாலும் அதன் தண்டு ஓடும் கைடைப் பார்க்காமல் புதிது போடுவதுதான் பெரிய பிழை. சீட்டை வெட்டும் கருவி கைடுக்குள் செருகிய தண்டை நம்பித்தான் மையம் பிடிக்கிறது. கைடு தளர்ந்திருந்தால் வெட்டும் கோணும். புது வால்வு ஒருபக்கமாக மோதி, சில மாதங்களில் மறுபடியும் மெல்லிய ஷிம் கேட்கும்.

எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிடுகிற எதிர்த்தரப்பும் எனக்கு ஒப்பவில்லை. மைக்ரோமீட்டரில் அளவு சரியாக வந்த, குழி விழாத கம்பெனி கேம், மலிவு செட்டில் வரும் புதுக் கேமைவிட நம்பகமானது. அளக்கச் சோம்பல்படுகிறவர்தான் இரண்டு தரப்பிலும் இருக்கிறார், ஒருவர் குறைவாகச் செலவழிக்கிறார், அவ்வளவே.

ஹெட்டைக் கழற்றியதும் எந்த வால்வு அதிகம் அமிழ்ந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் எக்ஸாஸ்ட் அல்ல, இன்டேக். வெப்பம் தாக்குவது எக்ஸாஸ்டை. இன்டேக்கைத் தேய்ப்பது காற்றோடு வரும் பொடிமணல். புது வால்வு, புது சீட், புது ஸ்பிரிங் எல்லாம் போட்டுவிட்டு, எண்ணெய் காய்ந்த பழைய ஏர் ஃபில்டரையே திருப்பி மாட்டுகிறார்கள். கார்புரேட்டருக்கும் ஃபில்டர் பெட்டிக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயின் உள்பக்கத்தை விரலால் ஒருமுறை தடவினால், விரலில் ஒட்டும் புழுதியே அடுத்த ஷிம் எவ்வளவு சீக்கிரம் வரும் என்று சொல்லிவிடும்.