சுமை இறங்குமுன் விரைந்த கால்கள்

சமய இலக்கியத்தில் ஐயமும் ஆர்வமும் ஒன்றற்கொன்று பகையாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றன. ஐயம் நீங்கிய பின்னரே ஆர்வம் பிறக்கும் என்பதும், பழைய பிழைகளினின்று நெஞ்சம் தூய்மையுற்ற பின்னரே இறைவன் வாயிலை அணுகுதல் தகும் என்பதும் பலர் கருத்து. ‘மோட்சப் பிரயாணம்’ எனத் தமிழர் அறிந்த ஜான் பன்யனின் நூலுக்கும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த ‘இரட்சணிய யாத்திரிக’த்திற்கும் இக்கருத்து பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பொருந்தாது என்பதே யாம் கண்ட முடிபு.

நூலும் ஆசிரியரும்

பன்யன் (1628–1688) இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் ஊரினர். பழுதுற்ற கலங்களைச் செப்பனிடும் தொழிலினர். அரசின் இசைவின்றிச் சமயவுரை ஆற்றியமைக்காக 1660 முதல் 1672 வரை சிறையிலிருந்தார். அவர்தம் நூலின் முதற்பகுதி 1678இலும், இரண்டாம் பகுதி 1684இலும் வெளிவந்தன. அதனைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) இயற்றிய காப்பியம் 1894இல் நூலுருப் பெற்றது. நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் கிறித்தவம் தழுவியவர் அவர்.

இருவகை ஆர்வம்

பன்யனின் யாத்திரிகன் கந்தை உடுத்து, கையில் புத்தகமும் முதுகில் பெருஞ்சுமையுமாக நம்முன் தோன்றுகிறான். அழிவுக்குரிய ஊரை விட்டு ஓடும் அவனோடு, எதற்கும் எளிதில் இணங்கும் அயலான் ஒருவனும் சேர்ந்து கொள்கிறான். வரவிருக்கும் இன்பங்களைக் கேட்டு மகிழ்ந்த அயலான் இன்னும் விரைந்து நடக்க வேண்டுகிறான். யாத்திரிகனோ முதுகுச் சுமையால் விரைய இயலவில்லை என்கிறான். மேலோடு நோக்குவார்க்கு அயலானே ஆர்வம் மிக்கவனாகத் தோன்றுவான். ஆயின், இருவரும் சேற்றில் வீழ்ந்த அளவில் அவன் தன் வீட்டை நோக்கிய கரையில் ஏறித் திரும்பி விடுகிறான். யாத்திரிகன் சுமையோடு அமிழ்ந்தும், மறுகரையை நோக்கியே போராடுகிறான். முன்னவன் ஆர்வம் இன்பத்தை விரும்பி எழுந்தது; பின்னவன் ஆர்வம் வேறு போக்கிடமின்மையால் எழுந்தது. சுமையை உணர்ந்த ஆர்வமே சேற்றைக் கடக்கும் என்க.

அச்சேற்றின் இயல்பும் கருதத்தக்கது. தன் பிழையை உணர்ந்தவன் நெஞ்சில் எழும் அச்சமும் ஐயமும் வந்து தேங்கும் பள்ளம் அது. 1600 ஆண்டுகளுக்கு மேலாக, 20,000 வண்டியும் அதற்கு மேலும் நல்லுரைகளைக் கொட்டியும் அது தூரவில்லை என்கிறார் ஆசிரியர். ஐயப்பள்ளம் முற்றும் தூர்ந்த பின்னரே நடப்பதெனின் எவரும் நடந்திரார். எனினும் அதனிடையே காலூன்றப் படிகள் உள என்பதையும் அவர் சொல்லாது விட்டாரல்லர்.

வாயிலும் சிலுவையும்

வாயில் காப்போன், வந்தவன் முன்பு செய்தவற்றைத் தடையாகக் கூறாது உள்ளே ஏற்கிறான். ஆயினும் சுமை அங்கு இறங்கவில்லை. சிலுவை நிற்கும் மேட்டை அடைந்தபோதே அது தானே கழன்று உருண்டு கல்லறையுட் புகுந்து மறைகிறது. இவ்வமைப்பைக் குறையெனக் கொண்டாரும் உளர். 19ஆம் நூற்றாண்டின் புகழ்மிக்க மறையுரையாளர் ஸ்பர்ஜன், யாத்திரிகனுக்கு முதற்கண் வாயிலைக் காட்டாது சிலுவையையே காட்டியிருத்தல் வேண்டும் எனக் கருதினார். மறையுரை நோக்கில் அது தகும். மனித உள்ளத்தின் வரலாறு என்னும் நோக்கில் பன்யன் அமைத்த முறையே சிறந்தது. ஏற்கப்பட்ட பின்னும் ஒருவன் தன் முதுகில் பழைய சுமையை உணரலாம். அவ்வுணர்ச்சி அவன் ஏற்கப்படவில்லை என்பதற்குச் சான்றாகாது. இதனைக் கதைப்போக்கே உணர்த்துகிறது.

இரண்டாம் பகுதியில் வரும் ‘இரக்கம்’ என்னும் பெயருடைய இளம்பெண் இதற்கு மற்றொரு சான்று. அழைப்புப் பெறாது வந்தவள் அவள். தன்னை ஏற்பரோ மாட்டாரோ என அஞ்சி வெளியே நிற்கிறாள். அஞ்சியவளே உள்ளிருப்போர் திடுக்கிடுமாறு கதவைத் தட்டுகிறாள். கதவு திறந்தபோது மயங்கிக் கிடக்கிறாள். ஈண்டு ஐயம் ஆர்வத்தைத் தடுக்கவில்லை. தட்டும் கைக்கு வலிமை தந்தது.

இது ஆசிரியர் தம் பட்டறிவு. 1666இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில், மீட்பரை விற்றுவிடு என்னும் தீய எண்ணம் தம்மை இடையறாது தாக்கியதையும், ஒருநாள் அதற்கு இசைந்து விட்டதாகக் கருதி, தலைமகனுரிமையை விற்ற ஏசாவைப் போலத் தமக்கும் மன்னிப்பில்லை என நெடுநாள் நைந்ததையும் அவர் உரைக்கிறார். மோட்சப் பிரயாணம் வெளிவந்த அதே 1678இல், யோவான் நற்செய்தி 6:37ஆம் வசனத்திற்கு அவர் எழுதிய விரிவுரையும் வெளிவந்தது. பெரும்பாவி, முதிய பாவி, நெஞ்சம் கல்லானவன், பின்வாங்கியவன் எனத் தன்னைத் தானே விலக்கிக் கொள்ளும் ஒவ்வொருவர்க்கும், வருவாரை விலக்கேன் என்னும் ஒரே மறுமொழியை அதில் தருகிறார்.

ஐயக்கோட்டை

சிலுவையைக் கடந்த பின்னும் ஐயம் ஒழியவில்லை. நடப்பதற்கு எளிய புல்வெளியைக் கண்டு நெறி தவறிய யாத்திரிகனும் தோழனும் ஐயக்கோட்டையில் சிறைப்படுகின்றனர். புதன் காலை தொட்டுச் சனி இரவு வரை உணவின்றி அடியுண்டு கிடக்கின்றனர். இறுதியில் எல்லாப் பூட்டையும் திறக்கும் வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பகத்தே முன்னரே இருந்தமை யாத்திரிகனுக்கு நினைவு வருகிறது. புதியதொரு சான்று வந்து அவனை விடுவிக்கவில்லை. பெற்றதை மறந்தமையே சிறை, நினைந்தமையே விடுதலை.

தமிழ் வடிவம்

கிருஷ்ண பிள்ளை இவ்வரலாற்றை ஐந்து பருவங்களாக விரித்தார். பன்யன் சில வரிகளில் காட்டிய சிலுவையை, அவர் குமார பருவத்து இரட்சணிய சரித்திரப் படலத்தில் இயேசுவின் பாடுகளாக விரித்துரைக்கிறார். இவ்விரிவால் கதையின் விரைவு தடைப்படுகிறது என்பார் கூற்று முற்றும் பிழையன்று. சுமை ஓசையின்றிக் கழன்று விழும் பன்யனின் சுருக்கத்திற்குத் தனியழகு உண்டு. எனினும், பிழையுடையான் எதனை நம்பித் துணிந்து வருகிறான் என்னும் வினாவிற்கு விடை அப்படலத்தில்தான் உள்ளது. அவன் துணிவு தன் மனவுறுதியைப் பற்றியதன்று. பொறுத்தவர் ஒருவரைப் பற்றியது.

காப்பியத்தினிடையே ‘தேவாரம்’ என்னும் பெயரால் இசைப்பாக்களை அமைத்தமையும் நோக்கத்தக்கது. தன் சிறுமையைச் சொல்லிக்கொண்டே இறைவனை நெருங்குதல் தமிழ்ப் பத்திமையின் பழநெறி. வீணே கழித்த நாட்களை எண்ணி இரங்கியவாறே அரங்கனை அணுகிய தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலை இதற்குச் சான்று. வைணவ மரபில் வளர்ந்த கவிஞர்க்குச் சுமையோடு விரையும் யாத்திரிகன் அயலானாகத் தோன்றியிரான்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இவ்விலக்கியம் காட்டும் ஆர்வம் ஐயத்தின் முடிவில் தொடங்குவதன்று என்பது பெறப்படும். பழைய பிழையை மறந்தவன் விரைவதில்லை. அதன் பாரத்தை முதுகில் உணர்ந்தவனே விரைகிறான். சுமை இறங்கட்டும், பின்பு புறப்படுவோம் எனக் காத்திருந்தானாயின், அவன் அவ்வூரிலேயே இருந்திருப்பான்.