கதம்பையின் பிடி

ஈத்தாமொழித் தென்னை புவிசார் குறியீடு பெற்றது. எனக்கு அதன் கதம்பைமேல்தான், அதாவது தேங்காய்மட்டைமேல்தான் கண். தண்ணீரில் மாதக்கணக்காய் ஊறி, அடிபட்டுத் தும்பாகி, கயிறாகி, கடைசியில் வலையாக மணல்சரிவில் விரிகிறது.

மணலைச் சரிப்பது மேலே விழும் மழை மட்டுமல்ல, உள்ளே இறங்கிக் கீழே கசியும் நீரும்தான். வடிகால் விடாமல் கான்கிரீட் பூசினால் நீர் பின்னால் தேங்கி முட்டும், பாரமும் கூடும். கயிற்று வலையோ எடையே இல்லாமல் கிடந்து, நீரை விட்டு மணலைப் பிடிக்கும். தடவினால் கையைக் கீறும் அந்தச் சொரசொரப்புதான் அதன் பலம். தும்பில் எளிதில் மக்காத லிக்னின் ஏறத்தாழ 40 சதவீதம் என்பதால் சணலைவிட நாள்பட நிற்கும். அது மக்குவதற்குள் கண்ணிகளில் புல் வேரோடிவிடும். (பிளாஸ்டிக் வலைக்காரர்கள் மக்காததைப் பெருமையாகச் சொல்வார்கள். பிறகு யார் பொறுக்குவதாம்?) ஆழத்திலிருந்தே நழுவும் மேட்டை மட்டும் இது தாங்காது, அங்கே வடிகால் வெட்டியே ஆகவேண்டும்.