முந்தைய காலம், பிந்தைய கருவிகள்: அறிவியல் புனைவு முன்கதைத் தொடர்களில் தொழில்நுட்பம்

அறிவியல் புனைவுத் தொடர் ஒன்றின் முன்கதை, கதைக் காலத்தில் மூலத்தொடருக்கு முந்தியது. படமாக்கப்பட்ட காலத்தில் அதற்குப் பிந்தியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பார்வையாளர் வீட்டுக் கருவிகள் மாறிவிடுகின்றன. 1966இல் அமெரிக்காவின் என்பிசி அலைவரிசையில் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ 23ஆம் நூற்றாண்டில் நடப்பது. கேப்டன் கிர்க்கின் விண்கலத்தில் கட்டுப்பாட்டு மேசையெங்கும் வண்ண விளக்குப் பொத்தான்கள். மேலே இருந்த திரைகள் பலவும் பின்னிருந்து ஒளியூட்டப்பட்ட அசையாப் படங்கள். 2001இல் வந்த முன்கதைத் தொடரான ‘என்டர்பிரைஸ்’ 2151இல் தொடங்குகிறது. கிர்க்குக்கு ஏறத்தாழ நூறாண்டு முந்தைய அந்தக் கலத்தில் தட்டைத் திரைகள் ஒளிர்ந்தன. பாட்டன் காலத்துக் கலம் பேரன் காலத்துக் கலத்தைவிடப் புதிதாகத் தெரிந்தது.

இந்த முரணைத் தொடர்களை உருவாக்கியவர்கள் நான்கு வழிகளில் கையாண்டிருக்கிறார்கள்: கருவியின் திறனைக் குறைப்பது, கருவியையே கதையிலிருந்து அகற்றுவது, மூலத்தின் பழைய தோற்றத்தை அப்படியே ஏற்பது, பின்னடைவுக்கு வரலாற்றுக் காரணம் தருவது.

முதல் வழிக்கு ‘என்டர்பிரைஸ்’ தொடரே எடுத்துக்காட்டு. அந்தக் கலத்துக்கு ஆற்றல் கவசம் கிடையாது. தாக்குதல் வந்தால் மேலோட்டுத் தகடுகளை மின்னூட்டி உறுதிப்படுத்த வேண்டும். இழுவைக் கதிர் கிடையாது. வடத்தில் கொக்கியை எய்து பிடிக்க வேண்டும். ஆளை ஓரிடத்தில் கரைத்து வேறிடத்தில் சேர்க்கும் டிரான்ஸ்போர்ட்டர் மனிதருக்கு அண்மையில்தான் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அதில் ஏற எல்லோரும் தயங்குகிறார்கள். தொடக்க அத்தியாயங்களில் ஒன்றில் பணியாளர் ஒருவர் தோலில் இலைச்சருகு பதிந்தபடி வந்து சேர்கிறார். மொழிபெயர்ப்புக் கருவி அரைகுறையாக இருப்பதால் ஹோஷி சாட்டோ என்ற மொழியியலாளர் கலத்துக்குத் தேவைப்படுகிறார். கருவியால் முடியாததை மனிதர் ஈடுசெய்யும் இத்தகைய இடங்களில் பளபளக்கும் திரைகள் உறுத்துவதில்லை. பெயர் மட்டும் மாறி வேலை மாறாத இடங்களில் முரண் உறுத்துகிறது. மேலோட்டுத் தகடுகளின் வலிமை, பிந்தைய கலங்களின் கவசத்தைப் போலவே விழுக்காட்டில் சரிந்துகொண்டு வருகிறது. ‘ஃபேசர்’ துப்பாக்கிக்குப் பதிலாக வந்த ‘ஃபேஸ் பிஸ்டல்’ அதன் வேலையையே செய்கிறது.

இரண்டாவது வழியை 2017இல் வந்த ‘ஸ்டார் டிரெக்: டிஸ்கவரி’ எடுத்தது. கிர்க்கின் பயணத்துக்குப் பத்தாண்டு முன்பு நடக்கும் இத்தொடரில் பூஞ்சை இழைப் பின்னல் ஒன்றின் வழியே அண்டத்தின் எந்த மூலைக்கும் நொடியில் தாவும் இயந்திரம் இருக்கிறது. 1995இல் தொடங்கிய ‘வாயேஜர்’, கதைக் காலத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியது. அதில் 70,000 ஒளியாண்டுத் தொலைவில் சிக்கிய கலம் வீடு திரும்ப 75 ஆண்டுகள் ஆகும் என்பதுதான் கதையே. தாவும் இயந்திரம் முன்பே இருந்திருந்தால் அந்தக் கதைக்கு இடமில்லை. 2019இல் முடிந்த இரண்டாம் பருவம் டிஸ்கவரி கலத்தை 32ஆம் நூற்றாண்டுக்கு அனுப்பிவிட்டு, அதைப் பற்றி எவரும் வாய்திறக்கக் கூடாது என்று ஆணையிட்டது. அதே தொடரில், ஹோலோகிராம் தொலைத்தொடர்பு சிக்கல் தந்ததால் அதைத் தன் கலத்திலிருந்து கழற்றிவிடும்படி, கிர்க்குக்கு முன் அந்தக் கலத்தின் தலைவராக இருந்த கேப்டன் பைக் சொல்லிவிடுகிறார். தொடர்களுக்கு இடையிலான முரண் இதனால் தீர்ந்தது. ஆனால் கதையில் நடக்கும் போரின் போக்கையே மாற்றிய ஒரு கண்டுபிடிப்பை ஆணை ஒன்றால் மறக்கடிக்க முடியும் என்பதை ஏற்பது கடினம். அதே காலத்தில் நடக்கும் ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ இதைவிடத் திறமையானது. பிற்காலத் தொடர்களில் பரவலாக இருக்கும் ஹோலோடெக் என்ற மாய அறையின் முன்மாதிரி அதன் மூன்றாம் பருவத்தில் சோதிக்கப்படுகிறது. அது கலத்தின் ஆற்றலை உறிஞ்சி ஆபத்தில் தள்ளவே, ஒதுக்கி வைக்கப்படுகிறது. கருவி ஏன் பின்னாளில்தான் வந்தது என்பதற்கான விடை கதை நிகழ்விலேயே கிடைத்துவிடுகிறது.

மூன்றாவது வழி, மூலப்படைப்பின் தோற்றத்தை வரலாற்று உண்மையாகவே ஏற்பது. 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் எதிரிக் கோளத்தின் வரைபடம் வெறும் கோட்டுச் சித்திரமாகத் திரையில் ஓடியது. அப்படத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு நடக்கும் ‘ஆண்டோர்’ (2022, 2025) அந்த உலகின் கனத்த பொத்தான்களையும் நெம்புகோல்களையும் மங்கிய திரைகளையும் மாற்றவில்லை; மாறாக, அவற்றுக்குக் கதைக்குள் வேலை கொடுத்தது. கிளர்ச்சிக் குழுவின் இளைஞன் நெமிக், கற்கக் கடினமான பழைய வழிகாட்டிக் கருவி ஒன்றை விடாமல் வைத்திருக்கிறான். பேரரசால் அதை முடக்கவோ ஒட்டுக்கேட்கவோ முடியாது என்பதே காரணம்.

2025இல் வெளியான ‘ஏலியன்: எர்த்’ 2120இல், அதாவது 1979ஆம் ஆண்டுப் படமான ‘ஏலியன்’ கதைக்கு இரண்டாண்டு முன்பு நிகழ்கிறது. அதில் வரும் மேஜினோ கலம், மூலப்படத்தின் நாஸ்ட்ரோமோ கலத்தின் உட்புறத்தையும் பச்சை எழுத்துத் திரைகளையும் பின்பற்றி அமைக்கப்பட்டது. அது 65 ஆண்டுப் பயணம் முடித்துத் திரும்பும் கலம் என்பதால் பழைய திரைகள் இருப்பது இயல்பாகிறது. 2093இல் நடக்கும் ‘புரோமிதியஸ்’ (2012) படத்தின் ஹோலோகிராம் வரைபடங்களோ, கதைக் காலத்தில் அதற்குப் பிந்தைய கதைகளோடு ஒட்டாமல் நிற்கின்றன.

உண்மை உலகமும் இந்த வழிக்குத் துணை நிற்கிறது. 2021இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் கணினிச் செயலி, 1998ஆம் ஆண்டு ஐமேக் கணினியில் இருந்த செயலிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கதிர்வீச்சைத் தாங்கும் நம்பகம் அங்கே வேகத்தைவிட முக்கியம். அமெரிக்க அணு ஆயுதக் கட்டளை அமைப்பில் 8 அங்குல ஃபிளாப்பி தட்டுகள் 2019 வரை புழங்கின. ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்டு பயணிகள் சேவை, செலவு தாங்காமல் 2003இல் நின்றுபோனது. தொழில்நுட்பம் எப்போதும் ஏறுமுகமாகவே செல்லும் என்ற எதிர்பார்ப்பு வரலாற்றோடு பொருந்துவதில்லை.

இந்த உண்மையை நேரடியாகக் கதையாக்குவது நான்காவது வழி. 2003இல் குறுந்தொடராகத் தொடங்கிய புதிய ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வில் போர்க்கலத்தின் கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை, பேச்சுக்குக் கம்பி பொருத்திய தொலைபேசிதான். சைலான் இயந்திரங்கள் ஊடுருவிவிடும் என்ற போர்க்கால அச்சமே இதற்குக் காரணம். புதிய கலங்கள் செயலிழக்கும்போது பழைய கலம் தப்பிப்பதும் இதனால்தான். 2010இல் வந்த அதன் முன்கதையான ‘கேப்ரிகா’ 58 ஆண்டு முன்பு நடக்கிறது. அங்கே மனிதர்கள் மெய்நிகர் உலகில் திளைக்கிறார்கள், சைலான்களை உருவாக்குகிறார்கள். முன்காலம் செழிப்பாக இருப்பது இங்கே முரணாகாது. பின்காலத்தின் எளிமைக்கு அதுவே காரணமாகிறது. 2024இல் வந்த ‘டியூன்: புராபெசி’ ‘டியூன்’ கதையின் நாயகன் பால் அட்ரெய்டீஸ் காலத்துக்குப் பத்தாயிரம் ஆண்டு முந்தியது. அங்கே சிந்திக்கும் இயந்திரங்களுக்கு எதிரான போர் முடிந்து, அவை தடைசெய்யப்பட்டுவிட்டன. பத்தாயிரம் ஆண்டுகளில் கருவிகளின் தோற்றம் பெரிதாக மாறாதது நெருடினாலும், கணினி ஏன் இல்லை என்ற கேள்விக்குத் தடை விடையாகிறது.

மூல உலகம் ஏற்கெனவே தேய்ந்தும் அழுக்கேறியும் இருந்தால் மூன்றாவது வழி எளிது. 1960களின் வண்ணத் தொலைக்காட்சிக்காக அமைந்த ஸ்டார் டிரெக் அரங்குகளுக்கு அது கடினம். ஆனாலும் 2005இல் ‘என்டர்பிரைஸ்’ தொடரின் இரு பகுதி அத்தியாயம் ஒன்று கிர்க் காலக் கலத்தின் கட்டுப்பாட்டு அறையை மீண்டும் கட்டியது. வண்ணப் பொத்தான்களைத் தொடரின் மாந்தர்கள் வருங்கால வியப்பாகப் பார்த்துக் கையாண்டபோது, நான்காண்டு புதிய திரைகளுக்குப் பழகிய பார்வையாளரும் அவற்றை அப்படியே ஏற்க முடிந்தது. கருவியின் தோற்றத்தைவிட அதன் எல்லை, அதன் விலை, அதைக் கையாளும் மாந்தரின் நடத்தை ஆகியவையே முன்கதையின் நம்பகத்தை முடிவு செய்கின்றன.