கோவூர்கிழாரின் சந்துரைகள்: பகைக்கு எதிரான சொல்லும் அதன் எல்லையும்

முன்னுரை

புறநானூறு போரைப் போற்றும் நூல் என்னும் கருத்து பரவலாக உள்ளது. அந்நூலுள் போரைத் தடுக்க எழுந்த பாடல்களும் உள்ளன. அவற்றுக்கெனத் ‘துணைவஞ்சி’ என்னும் துறையே வகுக்கப்பட்டுள்ளது. பிறரை வெல்லவோ கொல்லவோ முனைந்து நிற்பவனிடம் சந்து செய்வித்தல் இத்துறையின் பொருளாகும். கோவூர்கிழாரின் 45, 46, 47ஆம் பாடல்கள் இத்துறையின. அவற்றுக்கு முன்னுள்ள 44ஆம் பாடல் அரசவாகைத் துறையினதாயினும் பொருளால் இவற்றோடு சேர்த்தெண்ணத் தக்கது. அடுத்தடுத்து அமைந்த இந்நான்கு பாடல்களும் அதிகாரத்தின் முன் நின்று பேசும் முறையையும், அம்முறைக்குள்ள எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வுக் களம்

பெங்களூரில் ஓசூர்ச் சாலையை ஒட்டிய அடுகோடியில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது பேசுவோர் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். அத்தகைய பகுதிகளைக் கொண்ட இந்நகரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி 1991 டிசம்பரில் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. உயிரிழப்பு நேர்ந்தது, உழைக்கும் மக்களின் குடியிருப்புகள் எரிந்தன. அல்சூர் ஏரிக்கரையில் அவ்வாண்டு நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்படும்வரை மூடப்பட்டே இருந்தது. அதன்பின் சில நாள்களில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. எனினும் 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டன. தமிழகத்திலும் கன்னடர் தாக்கப்பட்டனர். இந்நிகழ்வுகளின் பின்னணியில் கோவூர்கிழாரைப் படிக்கும்போது, பாடநூல் விளக்கங்களில் எழாத வினாக்கள் எழுகின்றன.

நான்கு பாடல்கள், நான்கு உத்திகள்

44ஆம் பாடல், ஆவூர்க் கோட்டைக்குள் அடைத்திருந்த நெடுங்கிள்ளியை நோக்கியது. யானைகள் நீராடாமலும் உணவின்றியும் துதிக்கை நிலத்தில் புரள இடிபோல் முழங்குகின்றன. குழந்தைகள் பாலின்றி அலறுகின்றனர். மகளிர் பூவின்றிக் கூந்தல் முடிக்கின்றனர். வீடுகளில் நீரில்லாக் கூக்குரல் கேட்கிறது. இவ்வாறு அடுக்கியபின் புலவர் இரு வழிகளைக் காட்டுகிறார். அறவழியினன் ஆயின் கோட்டையை ஒப்புவித்துக் கதவைத் திற. மறவழியினன் ஆயின் போருக்குத் திற. இரண்டும் செய்யாது மதிலுக்குள் ஒடுங்குதல் நாணத்தக்கது என்கிறார். ஆள்வோன் வாளாவிருத்தலும் குற்றமே என்பதும், அதன் விலையைப் பாலுக்கு அழும் குழந்தை கொடுக்கிறது என்பதும் இப்பாடலின் கருத்து.

45ஆம் பாடலில் உறையூரை முற்றிய நலங்கிள்ளியும் உள்ளிருந்த நெடுங்கிள்ளியும் ஒருசேர விளிக்கப்படுகின்றனர். எதிரே நிற்பவன் பனந்தோடு சூடிய சேரனும் அல்லன். வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே. எவர் தோற்றாலும் தோற்பது ஒரே குடி. நலங்கிள்ளியைப் புகழ்ந்து பாடல்கள் பாடியவர் கோவூர்கிழார் என்பது இங்கு நினைவுகொள்ளத் தக்கது. தம்மைப் போற்றிய புரவலனையும் பகைவனோடு ஒரே தட்டில் நிறுத்திக் கடிந்துரைத்தமையே இப்பாடலின் துணிவு.

46ஆம் பாடல், மலையமான் மக்களை யானைக்கு இட முனைந்த கிள்ளிவளவனிடம் பாடியது. அவர்கள் மன்னனுக்குப் ‘பகைவன் பிள்ளைகள்’. அப்பெயர் இருக்கும்வரை கொலைக்கு நியாயமும் இருக்கும். புலவர் அப்பெயரை நீக்கிவிட்டுப் பிள்ளைகளை மட்டும் காட்டுகிறார். யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து, கூடியிருக்கும் மன்றத்தைப் புதிய அச்சத்தோடு அவர்கள் மருண்டு நோக்குகின்றனர். தம்மைக் கொல்ல வந்தது எது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

47ஆம் பாடல், நலங்கிள்ளியிடமிருந்து உறையூர்க்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது எழுந்தது. ஒற்றன் அல்லன் என்பதற்குப் புலவர் சான்று எதுவும் காட்டவில்லை. புலமைத் தொழிலின் வாழ்க்கையையே விரித்துரைக்கிறார். பறவைபோல் நெடுவழி கடந்து, பெற்றதைக் கொண்டு சுற்றத்தை ஊட்டி, எஞ்ச வைக்காது பிறர்க்கும் ஈந்து வாழும் இவ்வாழ்க்கை எவர்க்கேனும் தீங்கு செய்ததுண்டா என்று வினவுகிறார்.

உரைப்போர் யார்?

அதிகாரத்தைக் கடிந்துரைக்கும் கடமையைத் திருக்குறளும் வலியுறுத்துகிறது. செவி கைக்கும் சொல்லைப் பொறுக்கும் பண்பை 389ஆம் குறளும், இடித்துரைப்போர் இல்லாத மன்னன் கெடுப்பார் இன்றியும் கெடுவான் என்பதை 448ஆம் குறளும் கூறுகின்றன. கேளாத அரசனுக்கும் உறுதி கூறுதல் அருகிருப்பவன் கடன் என்கிறது 638ஆம் குறள். ஆயினும் இங்கு உரைப்போர் பெரியாராகவோ அமைச்சராகவோ உள்ளனர். துன்புற்ற குடிமக்களுக்கு 555ஆம் குறள் தருவது கண்ணீர் ஒன்றே. அக்கண்ணீர் அரசின் செல்வத்தைத் தேய்க்கும் படை என்பது உண்மை. ஆயின் அது சொல்லாக மாறவில்லை. கோவூர்கிழாரோ மேற்கண்ட பாடல்களில் எப்பதவியும் தாங்கி நிற்பவராகத் தெரியவில்லை. பதவியின் பாதுகாப்பின்றிப் பேசியமை அவர்தம் சொல்லுக்குத் தனி மதிப்பைத் தருகிறது. 47ஆம் பாடலின் சூழலில் கொலைக்கு நின்றவனும் ஒரு புலவனே என்பதால், அவையில் பேசுவோனின் உயிரும் பாதுகாப்புடையதன்று என்பது புலப்படும்.

சந்துரையின் எல்லை

இப்பாடல்களைக் கற்பிப்போர், புலவர் சொல்லுக்கு மன்னர் பணிந்தனர் என்று பெருமிதத்தோடு முடிப்பது வழக்கம். இம்முடிவு ஆய்வுக்குரியது. 46, 47ஆம் பாடல்களில் உயிர் காக்கப்பட்ட செய்தி கொளுவில்தான் உள்ளது, பாடலில் இல்லை. 46ஆம் பாடல், கேட்டாய் எனின் நீ விரும்பியதைச் செய் என்று முடிவை மன்னனிடமே விட்டுவிடுகிறது. 44, 45ஆம் பாடல்களின் கொளுக்கள் போர் நின்றதாகக் கூறவில்லை. நெடுங்கிள்ளியோ ‘காரியாற்றுத் துஞ்சிய’ என்னும் அடைமொழியோடுதான் அறியப்படுகிறான். சொல் வெல்லும் என்னும் உறுதி இப்பாடல்களில் இல்லை. சொல்லியே ஆகவேண்டும் என்னும் உறுதியே உள்ளது.

இதனினும் ஆழமான எல்லை ஒன்று உண்டு. 45ஆம் பாடலின் வாதம் ஒரே குடி என்பதில் நிற்கிறது. எதிரி பனையோ வேம்போ சூடியிருப்பின் அவ்வாதம் செல்லாது. 46ஆம் பாடலும் ஒரு பகுதியில் குடிச்சிறப்பையே நம்புகிறது. மன்னன் புறாவின் துயர் தீர்த்தோன் மரபினன். பிள்ளைகளோ அறிவோர் வறுமை கண்டு பகுத்துண்ணும் குடியினர். ஈகைப் புகழ் இல்லாத எளியோன் பிள்ளையாக இருந்தால் எவ்வாதம் காக்கும் என்னும் வினாவுக்கு இங்கு விடையில்லை. மொழியால் வேறுபட்ட இரு மக்களிடையே மூளும் பகைக்கு 45ஆம் பாடலை மேற்கோளாக்குவது பொருந்தாமைக்கு இதுவே காரணம்.

குடி எல்லையைக் கடந்து நிற்பவை இரண்டு: 46ஆம் பாடலின் மருண்ட பார்வையும், 47ஆம் பாடலின் வினாவும். பிழைப்புக்காக எல்லை கடந்து வந்தவன், வந்த திசையாலேயே பகைவனாகக் கருதப்பட்டான். அவனுக்காகப் புலவர் குடியையோ மண்ணையோ மரபையோ துணைக்கு அழைக்கவில்லை. தீங்கற்ற உழைப்பு என்னும் ஒன்றையே அளவுகோலாக்கினார். 1991இல் பெங்களூரில் குடிசை இழந்த தொழிலாளிக்கும், 2016இல் தமிழகத்தில் தாக்குண்ட கன்னடர்க்கும் இவ்வளவுகோல் ஒன்றுபோல் பொருந்தும். சங்கப் பாடலுள் இன்றைய பகைச்சூழலுக்கு மிக அணுக்கமானது இதுவே எனலாம்.

மன்னனும் கும்பலும்

கோவூர்கிழாருக்கு எதிரே ஒரு மன்னன் இருந்தான். அவனுக்குப் பெயரும் முகமும் செவியும் இருந்தன. இன்றைய வெறுப்பு பெரும்பாலும் கும்பலாக வருகிறது. அதற்குச் செவி இல்லை. வசன இலக்கிய ஆய்வாளர் எம்.எம்.கல்புர்கி 2015 ஆகஸ்ட் 30 அன்று தார்வாடிலும், இதழாசிரியர் கௌரி லங்கேஷ் 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூரிலும் தத்தம் இல்லத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுக்கு மன்றமும் இல்லை. காத்துரைக்கப் புலவரும் இல்லை. எனவே சந்துரையைக் கேட்க வேண்டியோர் பட்டியலில், வன்முறையின்போது மதிலுக்குள் ஒடுங்கும் ஆட்சியாளரோடு, வேடிக்கை பார்த்து நிற்கும் மன்றத்தாரையும் சேர்க்க வேண்டியுள்ளது. 46ஆம் பாடலில் பிள்ளைகள் மருண்டு நோக்கியது அம்மன்றத்தையே என்பது கூர்ந்து நோக்கத்தக்கது.

முடிவுரை

அடுக்கிக் காட்டல், இருதரப்பையும் கடிதல், பகைப்பெயரை நீக்கல், தீங்கின்மையை வினவல் என்னும் நான்கு உத்திகளைக் கோவூர்கிழார் கையாண்டுள்ளார். அவற்றுள் குடியுணர்வைச் சார்ந்தவை குடியின் எல்லையோடு நின்றுவிடுகின்றன. மருண்ட குழந்தையையும் தீங்கற்ற உழைப்பையும் சார்ந்தவை அதனைக் கடக்கின்றன. தம்மவரையும் கடிந்துரைக்கும்போதே அச்சொல்லுக்கு அறத்தகுதி கிடைக்கிறது. பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டதைக் கண்டிக்கும் தமிழ்ப் புலமை, தமிழகத்தில் கன்னடர் தாக்கப்பட்டதையும் அதே குரலில் கண்டித்தாக வேண்டும். நலங்கிள்ளியைப் பாடிய நாவாலேயே நலங்கிள்ளியைக் கடிந்த புலவரின் வழியில் நிற்பதாகக் கூறுவோர்க்கு இது கடமையாகும்.