ஊரவையிற் பெண்டிர்க்குரிய இடம்

இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களில் நான்கில் ஒரு பங்கு பெண்டிர்க்குரியது என 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதித்தது. அதற்குமுன் அம்மன்றங்களில் நூற்றுக்கு 2 பேர்தாமும் பெண்களாய் இருந்திலர். 2018 பெப்ருவரித் தேர்தலின்பின் அத்தொகை நூற்றுக்கு 20ஐக் கடந்தது. 1931இலேயே ஆணும் பெண்ணும் ஒருங்கே வாக்குரிமை எய்திய நாட்டில், 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரைக் கண்ட நாட்டில், இம்மாற்றம் இத்துணைக் காலந் தாழ்ந்தமையே வியப்பிற்குரியது.

ஆயின் தொகை உயர்ந்த அளவிற்கு மதிப்பு உயர்ந்திலது. "இவர் மக்கள் தெரிந்தெடுத்தவரல்லர்; பட்டியலில் வந்தவர்" என்பதே பெண் உறுப்பினர்மீது பலரும் கூறுங் குறை. இக்குறை ஆராயற்பாலது. உறுப்பினருள் நூற்றுக்கு 60 பேர் வட்டாரங்களிலிருந்தும் 40 பேர் பட்டியலிலிருந்தும் வருதல் முறை. வட்டார வேட்பாளருள் நூற்றுக்கு 10 பேரும், மேலதிகப் பட்டியலிற் பாதிப்பேரும் பெண்களாயிருத்தல் வேண்டும் என்பது விதி. எனவே, பெண்டிரைப் பட்டியலுக்கு அனுப்பியது சட்டமும் கட்சிகளுமேயன்றி, அவர்தம் தகுதிக்குறைவன்று. அதே பட்டியலில் வரும் ஆடவரை இங்ஙனம் வினவுவார் அரியர். குறை முறையின்பாலது, பழியோ பெண்மேலது.

இதனால் விளையுந் தீங்கு சிறிதன்று. வட்டாரம் இல்லாத உறுப்பினர், தெருவிளக்கோ வடிகாலோ வேண்டி எழும்போது, "எம் மக்கள்" எனச் சுட்ட ஒருவரும் இலராகிறார். புத்தளக் கரையோரத்தில் இவ்விழப்பு நன்கு புலனாகும். ஊர்ச் சாலை, சந்தை, துப்புரவு, நீர் என்பன பிரதேச சபையின் பணிகள். கிணற்றில் உவர் ஏறினால் முதலில் அறிபவள் குடம் சுமப்பவள். கருவாடு காயவைக்கும் இடத்தின் தூய்மையால் வாழ்பவளும் அவளே. அவ்வறிவு அவையேறாவிடின் அவைக்கே நட்டம்.

அக்கரையிலுள்ள உடப்பூரார் திரௌபதை அம்மனுக்கு ஆண்டுதோறுந் தீமிதித்து வழிபடுவர். அத்தேவி மன்னரவையில் அறம்பற்றி வினா எழுப்பியவள். சான்றோர் விடைகூறாதிருந்ததே அவ்வவையின் இழுக்காயிற்று. அவளை வணங்குவோர்க்கு, அவையிற் பேசும் பெண் புதியவள் அல்லள்.

2025 மேயில் நிகழ்ந்த தேர்தலிலும் இம்முறையே நின்றது. வெல்லத்தக்க வட்டாரங்களிற் பெண்டிரை நிறுத்தக் கட்சிகள் முன்வருதல் வேண்டும். முன்வராத கட்சியை வாக்காளர் வினவுதல் வேண்டும். அதுவரை "பட்டியலில் வந்தவர்" என்னும் ஏளனம், அதனைக் கூறுவோரையே சாரும்.