ஏடும் கல்லும்: குடிவழி ஆய்வில் பெயர்ச் சான்றுகள்

1. முன்னுரை

தம் முன்னோர் யார், எவ்வூரினர் என அறிய விழையும் ஆர்வம் இன்று பல நாடுகளிலும் பெருகியுள்ளது. இவ்வார்வத்திற்கு வழிகாட்டும் கையேடுகள் இரண்டு மூலங்களைச் சிறப்பாகப் பரிந்துரைக்கின்றன. ஒன்று பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடு; மற்றொன்று கல்லறைக் கல். முன்னது அரசின் பதிவு. பின்னது குடும்பத்தின் பதிவு. இரண்டும் ஒத்துப்போனால் செய்தி உறுதியாயிற்று என்பது இத்துறையில் பொதுவாகக் கைக்கொள்ளப்படும் விதி. இவ்விதி மொழியியல் நோக்கில் எந்த அளவிற்கு ஏற்கத்தக்கது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏடும் கல்லும் சான்றுகள் ஆவதற்கு முன் பனுவல்கள் ஆகும். ஒருவர் சொல்ல மற்றொருவர் கேட்டு, ஒரு மொழியில், ஒரு தேவை கருதி எழுதப்பட்டவை அவை. களப்பணி செய்யும் மொழியியலார் தகவலாளர் யார் என்பதைக் குறிக்காமல் ஒரு சொல்லையும் தரவாக ஏற்பதில்லை. குடிவழி ஆய்வில் இவ்வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதே இல்லை. இக்குறையை விளக்குவதற்கு அயர்லாந்து ஏற்ற களமாகும். ஐரிஷ் பேசியவர்களின் பெயர்கள் அங்கு ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. அங்குப் பெறப்படும் முடிவுகள், கடல் கடந்து சென்ற தமிழர்களின் வழியினர் மேற்கொள்ளும் தேடலுக்கும் பொருந்துவன.

2. அயர்லாந்தின் கணக்கெடுப்பு ஏடுகள்

அயர்லாந்தில் 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட நான்கு கணக்கெடுப்புகளின் மூல ஏடுகள், சில பகுதிகள் நீங்கலாக, 1922 ஜூன் 30 அன்று டப்ளின் பொது ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் எரிந்தபோது அழிந்தன. 1861 முதல் 1891 வரையிலான ஏடுகளோ அதற்கு முன்பே அரசாலேயே அழிக்கப்பட்டுவிட்டன. ஆகவே நாடு முழுமைக்கும் எஞ்சியுள்ள மிகப் பழைய ஏடுகள் 1901, 1911 ஆகிய ஆண்டுகளுக்குரியவையே.

இவ்வேடுகளில் குடும்பத் தலைவர் தம் கையால் நிரப்பிய படிவங்கள் உள்ளன. அவர் எழுத்தறியாதவராயின், கணக்கெடுப்பாளராகப் பணியாற்றிய காவலர் அவற்றை நிரப்பினார். எனவே ஒரே ஊரின் படிவங்களில் ஒரு வீட்டின் பெயர்கள் அவ்வீட்டாரின் எழுத்திலும், அடுத்த வீட்டின் பெயர்கள் காவலரின் செவிப்புலனுக்கு ஏற்பவும் அமைந்துள்ளன. அச்சிட்ட அட்டவணையாகவோ கணினிப் பட்டியலாகவோ இவை மாறும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகின்றது.

மொழி குறித்த கட்டம் தனிக் கவனத்திற்குரியது. ஐரிஷ் மட்டும் பேசுவோர்க்கு 'ஐரிஷ்' என்றும், இரு மொழியும் அறிந்தோர்க்கு 'ஐரிஷும் ஆங்கிலமும்' என்றும் எழுதவேண்டும்; ஏனையோர்க்குக் கட்டத்தை வெறுமையாக விடவேண்டும் என்பது அறிவுரை. இதனால் ஆங்கிலம் குறிக்கத் தேவையற்ற இயல்பு நிலையாகவும், ஐரிஷ் குறிக்கப்படவேண்டிய சிறப்பு நிலையாகவும் ஆயின. வெற்றுக் கட்டம் ஒன்றைக் காணும் ஆய்வாளர், அது ஆங்கிலம் மட்டுமே அறிந்தவரைச் சுட்டுகிறதா, ஐரிஷ் அறிந்தும் அதனைச் சொல்ல விரும்பாதவரைச் சுட்டுகிறதா என்பதை அக்கட்டத்தைக் கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது.

வயதுக் கட்டமும் இத்தகையதே. 1901-க்கும் 1911-க்கும் இடைப்பட்ட காலம் பத்தாண்டுகள். ஆயினும் பலருடைய வயது அதற்கும் மேலாகக் கூடியிருக்கக் காண்கிறோம். 1908-ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டம் எழுபது வயது நிரம்பியோர்க்கு உதவித்தொகை வழங்கியது. அயர்லாந்தில் பிறப்புப் பதிவு பொதுவாகக் கட்டாயமானதோ 1864-இல்தான். ஆகவே அன்றைய முதியவர்களிடம் பிறப்புச் சான்று இல்லை. 1841, 1851 ஏடுகளைத் தேடி வயதை மெய்ப்பிக்க அவர்கள் விண்ணப்பித்தனர். அத்தேடல் குறிப்புகள் எஞ்சியிருக்க, தேடப்பட்ட ஏடுகள் எரிந்துபோயின. வயது கூடியதைப் பொய் என ஒதுக்குவது எளிது. தம் பிறந்த நாளை அறியாத மக்களிடம் வயது என்பது எண்ணன்று, மதிப்பீடு. எழுபது என்னும் எல்லையைச் சட்டம் வகுத்தபோது அம்மதிப்பீட்டின் அளவுகோலும் மாறியது என்று கொள்வதே பொருத்தமுடையது.

3. பெயரின் மொழிமாற்றம்

ஐரிஷ் குடும்பப் பெயர்கள் ஆங்கிலமாக்கப்பட்டபோது இரு வழிகள் பின்பற்றப்பட்டன. ஒன்று ஒலிவழி, மற்றொன்று பொருள்வழி. 'கொல்லன் மகன்' எனப் பொருள்படும் ஐரிஷ் பெயர் ஒலிவழியில் 'மக்கவுன்' என்றும், பொருள்வழியில் 'ஸ்மித்' என்றும் எழுதப்பட்டது. ஆகவே ஒரே கால்வழியினர் இரு வேறு குடும்பத்தினராகத் தோற்றமளிப்பதுண்டு. அவ்வாறே, ஸ்மித் எனப் பெயர் கொண்ட அனைவரையும் இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்களாகக் கருதுவதும் தவறாகும்.

இயற்பெயர்களில் மூன்றாவது வழி ஒன்று காணப்படுகின்றது. 'டியர்மிட்' என்னும் ஐரிஷ் பெயருக்கு 'ஜெரமையா' என்னும் விவிலியப் பெயரும், 'டைக்' என்பதற்குத் 'திமோத்தி' என்பதும் இணையாக வழங்கின. இங்குப் பொருள் ஒற்றுமை இல்லை. ஒலி ஒற்றுமையும் மிகக் குறைவு. வழக்கு ஒன்றே இவ்விணையை நிலைநிறுத்தியது. வீட்டில் டியர்மிட்டாகவும் ஏட்டில் ஜெரமையாவாகவும் ஒருவர் வாழ்நாள் முழுவதும் இருந்திருக்கலாம்.

இச்சிக்கலை அக்காலப் பதிவுத்துறை உணர்ந்திருந்தது. அத்துறையில் பொறுப்பு வகித்த ராபர்ட் மாத்திசன், அயர்லாந்துப் பெயர்களின் வேற்று வடிவங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். 1901-இல் வந்த அதன் பதிப்பு இன்றும் பயன்படுகின்றது. திரிபுகளை எழுத்தரின் பிழையாகக் கருதாமல், இருமொழிச் சூழலின் விளைவாகத் தொகுத்தமையே அந்நூலின் சிறப்பு.

4. கல்லறைக் கல்லின் தகவலாளர்

ஏட்டைக் காட்டிலும் கல் நம்பத்தக்கது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. கல்லின் நிலைபேறு அதன் வாசகத்திற்கும் ஏற்றிச் சொல்லப்படுகின்றது போலும். ஆனால் அயர்லாந்துக் கல்லறைகளில், 'இன்னாரின் நினைவாக இன்னாரால் எழுப்பப்பட்டது' என்னும் வாய்பாட்டில் எழுப்பியவர் பெயரே முதலில் நிற்பதைப் பலவிடங்களில் காணலாம். அதாவது, அக்கல்லின் எழுவாய் உயிருடன் இருந்தவர். தாய் தந்தையர் இறந்து பல்லாண்டுகள் கழித்துப் பொருள்வசதி பெற்ற மகன் எழுப்பிய கல்லில், ஆண்டும் வயதும் நினைவிலிருந்து எழுதப்பட்டவை. ஏட்டிற்கு வயது கூறிய குடும்பமே கல்லிற்கும் கூறியிருந்தால், இரண்டும் ஒத்துப்போவது இரு சான்றுகளின் உடன்பாடு ஆகாது. ஒரு தகவலாளரின் இரு கூற்றுகளே ஆகும். முன்னுரையில் குறித்த பொது விதி இங்கு வலுவிழக்கின்றது.

கல்லின் மொழியும் கருதத்தக்கது. ஐரிஷ் பேசப்பட்ட வட்டாரங்களிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்லறை வாசகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஐரிஷில் வாழ்ந்து இறந்தவர் ஆங்கிலத்தில் நினைவுகூரப்பட்டார். மேலும், கல் நாட்டப் பொருளற்றோர் கல்லின்றியே புதைக்கப்பட்டனர். ஆகவே கல் கூறுவதைப் போன்றே கல் இன்மையும் சமூகச் செய்தியாகும். நம் நடுகற்களும் நாட்டியவர்களின் மொழியிலும் நோக்கிலும் அமைந்தவையே என்பதை இங்கு ஒப்பிட்டு எண்ணலாம்.

5. தமிழ்ப் பெயர்களும் அயலக ஏடுகளும்

இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டப்படி தனியாள் குறித்த பதிவுகள் பார்வைக்கு உரியவை அல்ல. ஆகவே கணக்கெடுப்பு ஏட்டின்வழி முன்னோரைத் தேடும் வாய்ப்பு இங்கு இல்லை. இவ்விடத்தை, ஒப்பந்தத் தொழிலாளராகக் கடல் கடந்தோரின் வழியினர்க்குக் கப்பல் பட்டியல்கள் நிரப்புகின்றன. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் 152,184 பேர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்கள். எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், அங்க அடையாளம் எனப் பல விவரங்கள் அப்பட்டியல்களில் உள்ளன. ஆயின் அனைத்தும் எழுத்தரின் செவிவழி உரோமன் எழுத்தில் அமைந்தவை.

தமிழ்ப் பெயரிடு மரபில் நிலையான குடும்பப் பெயர் இல்லை. அதனைக் கட்டாயமாகக் கேட்கும் நிருவாகத்தில் தந்தை பெயரோ பட்டப் பெயரோ அவ்விடத்தில் அமர்ந்தது. இன்று தென்னாப்பிரிக்காவில் குடும்பப் பெயர்களாக வழங்கும் கோவெண்டர், மூட்லி என்பன முறையே கவுண்டர், முதலி என்பவற்றின் திரிபுகள். இவற்றை எழுத்துப்பிழை என ஒதுக்குதல் பொருந்தாது. உயிர்களுக்கிடையில் வரும் தகரம் ஒலிப்புடை ஒலியாவதை ஆங்கிலச் செவி டகரமாகக் கேட்டதன் சான்றே 'மூட்லி'. திரிபு ஒழுங்குடையது, ஒழுங்குடையதாயின் மீட்கத்தக்கது.

இன்றைய தேடல் முறைகளோ இவ்வொழுங்கைக் கருதுவதில்லை. 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற 'சவுண்டெக்ஸ்' முறை ஒரு பெயரின் முதலெழுத்தை அப்படியே நிறுத்தி, உயிர்களை நீக்கி, எஞ்சிய மெய்களை ஆறு தொகுதிகளாக்கி எண்ணிடுகின்றது. ஆங்கிலப் பெயர்களை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது அது. 'பழனி' என்னும் பெயரின் ழகரத்தை 'இசட்', 'எச்' என்னும் எழுத்துகளால் எழுதினால் பி250 என்றும், 'எல்' எழுத்தால் எழுதினால் பி450 என்றும் குறியீடு அமைகின்றது. 'சின்னசாமி' என்பது 'சி' எழுத்தில் தொடங்கினால் சி525. 'எஸ்' எழுத்தில் தொடங்கினால் எஸ்525. ஒரே மனிதர் இரு வேறு ஆள்களாகிவிடுகின்றார். கொள்ளுப்பாட்டனாரைத் தேடிவரும் ஒருவர்க்கு 'அத்தகையவர் பதிவில் இல்லை' என்னும் விடை கிடைக்கின்றது. பதிவில் அவர் இருக்கிறார். தேடுங்கருவிக்கே தமிழ் ஒலியியல் தெரியவில்லை.

இந்நிலையில், தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த கல்லறைக் கல் ஒன்று கிடைக்குமாயின் அதன் மதிப்பு பெரிது. உரோமன் எழுத்தில் கரைந்துபோன ழகர, லகர வேறுபாட்டையும் றகர, ரகர வேறுபாட்டையும் அது காட்டவல்லது. எந்த உரோமன் வடிவம் எந்தத் தமிழ்ப் பெயருக்கு உரியது என்பதற்கு அது திறவுகோலாகும்.

6. முடிவுரை

ஏட்டையும் கல்லையும் ஐயுற்று ஒதுக்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஒவ்வொரு பதிவிலும் சொன்னவர் யார், எழுதியவர் யார், எம்மொழியில், எத்தேவைக்கு என்னும் நான்கு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அதனைச் சான்றாகக் கொள்ளவேண்டும். ஒத்த இரு பதிவுகள் வெவ்வேறு தகவலாளரிடமிருந்து வந்தவையா என்பதையும் உறுதிசெய்தல் வேண்டும்.

மாத்திசன் அயர்லாந்துப் பெயர்களுக்குச் செய்தது போன்றதொரு தொகுப்பு, அயலக ஏடுகளில் காணப்படும் தமிழ்ப் பெயர் வடிவங்களுக்கும் தேவை. வட்டார வழக்கு, எழுதிய ஆங்கில அல்லது பிரெஞ்சு எழுத்து மரபு, பட்டப் பெயர் ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு ஒவ்வொரு வடிவத்தையும் அதன் மூலத்தோடு இணைக்கும் அகராதியாக அது அமையவேண்டும். ஏடுகள் படியெடுக்கப்பட்டுக் காக்கப்படுகின்றன. திறந்தவெளியில் நிற்கும் கற்களின் எழுத்துகளோ ஆண்டுதோறும் தேய்ந்துவருகின்றன. ஆதலால் இப்பணியைக் கற்களிலிருந்தே தொடங்குதல் நன்று.